டோரத்தியின் காது

எங்கள் நகரத்தில் முதன்முதலாக எலெக்ட்ரிக் கிடாரில் ராக் அண்டு ரோல் வாசித்தவர் ஆல்வின். அதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, மனைவி டோரத்தியின் காதில்தான் அது மிச்சமிருந்தது.

முதலாம் ஆண்டு நினைவு நாளன்று, ஆல்வின் வாசித்ததைக் கேட்டுக் கிடார் கற்றுக்கொண்ட பன்னிரண்டு பேர் சர்ச் ஹாலில் அவர் பாணியிலேயே வாசித்தார்கள்.

"அப்படியே அங்கிள் வாசிச்ச மாதிரியே இருந்துச்சுல்ல, ஆன்ட்டி?" என்றார் கடைசியாக வாசித்த தயாளன்.

"ஆமாப்பா, ரொம்ப நல்லா வாசிச்சீங்க."

வீட்டுக்கு வந்ததும் டோரத்தி வழக்கம்போல் ஆல்வினின் வாசிப்பைக் கேட்கக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். தயாளன் வாசித்தது கேட்டது. தலையை உதறிவிட்டு மறுபடி மூடினாள். இப்போது வேறொருவர் வாசித்தார். ஒருவர் விடாமல் எல்லோரும் வந்து போனார்கள். ஆல்வின் வரவில்லை.