வெத்துவேட்டு

போலீஸ்காரர்கள் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கிய பிறகுதான் பார்த்தேன். என் மகள் ஹெப்சி பக்கத்தில் இல்லை.

வரிசையின் கடைசியில் நிற்கிறவரின் காலடியில், துப்பாக்கிக் குழலுக்கு நேர் கீழே குந்தியிருக்கிறாள். ஐந்து வயசு. அத்தனை போலீசும் மேலே பார்க்கிறார்கள். ஒருத்தர் கண்ணிலும் அவள் படவில்லை.

"பிள்ளையப் பிடிங்க!" என்று கத்தினேன்.

என்னைத்தான் பிடித்தார்கள். புருஷனோடு நானும் குழிக்குள் குதித்துவிடுவேன் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து அமுக்கினார்கள். பாழாய்ப்போன பாசம்!

சமயநல்லூர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கல்லறைத் திருநாளுக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. ஒருத்தருக்காவது காது கேட்க வேண்டுமே.

என் வீட்டுக்காரர் ஜோவின் தாய்மாமா ஞானமுத்து என் தோளைத் தட்டினார். "பயப்படாத தாயி. மரியாதைக்குச் சுடுறது. உள்ள குண்டே இருக்காது. வெறும் வெத்துவேட்டு."

அந்த வார்த்தையை என்னிடமா சொல்வது?

ஜோவை நான் அப்படித்தான் கேலி செய்வேன். ஒவ்வொரு மே மாதமும் கொடைக்கானல் போகலாம் என்பார். கடைசியில் லீவு கிடைக்காமல் அசடு வழிய வந்து நிற்பார். "நீங்க ஒரு வெத்துவேட்டு" என்பேன். சிரிப்பார்.

பரேடு முடிந்து வரும்போது, சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்றை எப்படியாவது ஹெப்சிக்குக் கொண்டுவந்துவிடுவார். உதட்டில் வைத்து ஊதினால் விசில். தெருவே காதைப் பொத்தும்.

இப்போதும் கூடு விழட்டும் என்றுதான் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

குண்டு இருக்காது, சரி. மருந்து இருக்குமே! அது நெருப்பாகத்தானே வெளியே வரும்? பக்கத்தில் இருப்பது யாரென்று அதற்குத் தெரியுமா?

"ஐயா, நிப்பாட்டுங்கய்யா!"

ஒப்பாரி என்று நினைத்துவிட்டார்கள். யாரோ என் வாயில் சோடாவைப் புகட்டினார்கள்.

வெடித்தது. மறுபடியும் வெடித்தது. மறுபடியும்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மூடினால் ஜோதான் தெரிந்தார்.

முந்தாநாள் பரேடு ஒத்திகையில் பின்னால் நின்றவருக்குக் கை தவறித் துப்பாக்கி வெடித்துவிட்டது. குழல் ஜோவின் கழுத்தை ஒட்டி இருந்ததாம். டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உள்ளே தேடிப் பார்த்தோம், குண்டு எதுவும் இல்லையம்மா என்றார்.

குண்டே இல்லையாம்.

யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ஹெப்சி. முகம், கழுத்து, கை என்று தடவித் தடவிப் பார்த்தேன். கர்த்தரே, முழுசாக இருந்தாள்.

பித்தளைக் கூடு ஒன்றைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஊதவில்லை.

"வெறும் கூடுதானேம்மா," என்றாள். "ஏன் இப்படிச் சுடுது?"