உள்ளுக்க இருக்கிறார்

“மூணாவது ஞாயிறும் வந்துட்டேன் அக்கா. இண்டைக்காவது ஒரு முடிவைச் சொல்லுங்க. இல்லாட்டி ஒங்கட கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டுப் போறேன். வந்ததுக்கு ஒரு வேலையாவது ஆகட்டும்.”

வெள்ளவத்தை ஒழுங்கையில், துருப்பிடித்த கேட்டுக்கு முன்னால் நின்று புவாத் இப்படிச் சொன்னதற்கு நாகேஸ்வரி சிரிக்கவில்லை. கார்ச் சாவியை மட்டும் நீட்டினாள்.

புவாத்துக்குக் கொட்டாஞ்சேனையில் புடவைக் கடை. துணிக் கட்டுகள் ஏற்ற ஒரு வேன் வாங்கலாம்தான். ஆனால் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வேன் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பினாலே, ஆளைத் தூக்க வந்த வேனோ என்று சனம் கதவைச் சாத்தியது. நாகேஸ்வரி விற்கிற இந்தக் குட்டி ஜீப் பார்வைக்குக் குடும்பக் கார். பின் சீற்றை மடித்தால் பத்துக் கட்டுத் துணி கிடக்கும். நிமிர்த்தினால் மூன்று பிள்ளைகள். முழங்கால் வருத்தக்கார உம்மாகூடக் குனியாமல் நேரே ஏறி உட்காரலாம். வெள்ளம் நிற்கிற தெருவிலும் வயிறு நனையாமல் போகும். பார்த்த அன்றே அவன் மனம் அதில் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் விற்கிறவர்களிடம்தான். முதல் நாள், “ஐயா இல்லையா அக்கா?” என்று கேட்டபோது, “அவர் உள்ளுக்க இருக்கிறார்” என்றாள். ஐயா தலைகாட்டவேயில்லை. ஓடிப் பார்த்துத் திரும்பி வந்து விலை பேசினால், “அவருக்கு இன்னும் விக்க மனமில்லைத் தம்பி. அடுத்த கிழமை வந்து இன்னொருக்கா ஓடிப் பாருங்கோ” என்பாள். இரண்டு கிழமையும் இதே பாட்டு. உள்ளே படுத்துக்கொண்டே விலையை ஏற்றுகிற கெட்டிக்கார மனிசன் என்று புவாத் கணக்குப் போட்டிருந்தான்.

இன்று ஜன்னலைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான். “ஐயா, வணக்கம்! இண்டைக்காவது மனசு வைங்க!”

ஜன்னல் சீலை கடற்காற்றில் ஒருமுறை ஆடி அடங்கியது.

“ஏறுங்கோ தம்பி, போவம்” என்று நாகேஸ்வரி பின் சீற்றில் ஏறினாள்.

“திரும்பவும் ஒருகொடவத்தைக்கா? எல்லாரும் ஒழுங்கைக்குள்ள ஒரு சுத்துச் சுத்திப் பாப்பாங்க. நீங்க ஊரைக் கடத்துறீங்க.”

“அங்கத்தை ரோட்டுத்தான் மோசம். அதில ஓடினாத்தான் வண்டியைத் தெரியும்.”

காலி வீதியில் ஜீப் வழுக்கிக்கொண்டு போனது. ஏசி போட்டும் இழுவை குறையவில்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் புவாத்தின் அடையாள அட்டையைப் பார்த்து, “ஹரி, யன்ட” என்று சிங்களத்தில் சொல்லி, போகும்படி கையைக் காட்டினான். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்துப் பிடித்திருந்த நாகேஸ்வரி, அதைத் திரும்ப மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

“நான் தனிய டக்சியில வந்தா இறக்கி வச்சிருப்பாங்கள்.”

“அப்ப ஏன் அக்கா இங்க கிடந்து கஷ்டப்படுறீங்க? மகள் பாரிஸில எண்டு சொன்னீங்களே.”

“ஒவ்வொரு நாளும் எடுக்கிறாள், வரட்டாம். இதை வித்தா நான் போயிடுவன்.”

“ஐயாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க.”

அவள் வெளியே பார்த்தாள்.

ஒருகொடவத்தையில் கண்டெய்னர் லொறிகள் உழுதுவிட்ட வீதி. “பள்ளத்தில விழுந்தாலும் இடுப்பு நோகுதில்லை, பாத்தீங்களே” என்று, பாடமாக்கி வைத்தவள் போலச் சொன்னாள். முள்ளுக்கம்பி போட்ட நீளமான மதில் வந்ததும் குரல் தாழ்ந்தது.

“மெதுவாப் போங்கோ. ஹோனை அடிச்சுப் பாருங்கோ. ரெண்டு தரம்.”

“வெள்ளவத்தையில அடிச்சாலும் இதே சத்தம்தானே அக்கா?” என்றபடி புவாத் இரண்டு தரம் அடித்தான்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். போன இரண்டு கிழமையும் இந்த இடத்தில் மதிலுக்கு அப்பால் யாரோ தகரக் கோப்பையைத் தட்டியது புவாத்துக்கு ஞாபகம். சாப்பாட்டு நேரமாக்கும் என்று நினைத்து அவனுக்கும் அப்போது பசித்திருந்தது. இன்று லொறிகளின் இரைச்சல் மட்டும்.

“இன்னொருக்கா அடியுங்கோ.”

அடித்தான்.

“இன்னும் ஒருக்காத் தம்பி. நல்லா அழுத்தி.”

“நான் வாங்க வந்தது காரையா, ஹோனையா?” என்று கேட்டுக்கொண்டே அழுத்தினான். காவலரணில் நின்றவன் தலையைத் திருப்பவும், வேகத்தைக் கூட்டினான். கண்ணாடியில் பார்த்தபோது, மதில் மறையும்வரை அவள் பின்னாலேயே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியவள் வழக்கம்போல உள்ளே போகவில்லை.

“எடுங்கோ தம்பி. நீங்கள் சொன்ன விலைக்கே எடுங்கோ.”

புவாத்தால் நம்ப முடியவில்லை. “அல்ஹம்துலில்லாஹ்! மூணு கிழமை அலைக்கழிச்சாலும் நல்ல வார்த்தை சொன்னீங்க.” பிறகு ஒரு பயம் வந்தது. “ஒருக்கா உள்ளுக்குப் போய் ஐயாட்டக் கேட்டுட்டு வாங்க. பொறகு சொல்லு மாறப்படாது.”

“கேட்டாச்சு. மூண்டு தரம் கேட்டாச்சு.”

“எப்ப? நீங்க ஊட்டுக்குள்ளயே போகலியே?”

நாகேஸ்வரி கைப்பையிலிருந்து இரண்டாவது சாவியையும் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“அவரைப் பிடிச்சுக்கொண்டு போய் ஒன்பது மாசமா அந்த மதிலுக்கு உள்ளுக்கத்தான் வச்சிருக்கிறாங்கள் தம்பி. இந்த ஹோன் சத்தம் கேட்டா, இருக்கிறன் எண்டு ரெண்டு தரம் கோப்பையில தட்டுவார்… இண்டைக்குத் தட்டேல்லை.”