அடம்பிடிக்கிற துவக்கு

"எங்கை போட்டு வாறியள்?"

"சும்மா... பக்கத்து வீட்டுச் செந்தூரனோடை கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

ரண்டு மணித்தியாலமாய் என்ன கதை? எட்டு மாதமாய் என்னோடையே வாய் திறக்காத மனுசன்!

பத்தொன்பது வருசம் ஒரு குளிசைப் பக்டரியிலை மருந்து நிறுக்கிற வேலை செய்தவர். திடீரெண்டு பக்டரியைப் பூட்டிப்போட்டாங்கள். அண்டையிலையிருந்து சுவரைப் பாத்தபடி இருப்பார். "ஆளைத் தனிய விடாதேங்கோ" எண்டு டொக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னவர். அதைக் கேட்ட நாளிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை.

இப்ப ஒரு மாதமாய்ப் பின்னேரம் ஐஞ்சடிச்சால் ஷேவ் எடுத்து, சேட்டு மாத்தி, பாட்டும் முணுமுணுத்துக்கொண்டு வெளிக்கிடுறார். எனக்குச் சந்தேகம் வராதே?

சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கேக்கை காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை ஒரு பித்தளைக் கோது. துவக்குத் தோட்டாவின்ரை வெறுங்கோது! துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு, கடல் தாண்டி இந்த டூங்கபி வரைக்கும் ஓடி வந்தனாங்கள்?

ஆளைப் பிடிச்சு உலுப்பினன்.

"அது செந்தூரன்ரை வேட்டைத் துவக்கு, யோகா. லைசென்ஸ் இருக்கு. ஆனால் சரியான அடம். கடைத் தோட்டா போட்டால் பன்றி ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம். அதுக்குத் தோதாய் வெடிமருந்து நிறுத்து நாங்களே அடைக்கவேணும். ஒரு பொட்டுக் கூடினாலும் அதுக்குப் பிடிக்காது. என்ரை கைதான் சரியாம்."

இவ்வளவு நீளமாய் மனுசன் கதைச்சு எவ்வளவு காலம்! ஆனால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சம்பளமில்லாமல் வேலை வாங்குறான். இவர் செய்யச் செய்ய அவன் ஆருக்கோ விக்கிறான் போலை. பொலிஸ் வந்தால் ஆர் உள்ளுக்குப் போறது? இந்த அப்பாவிதான்!

அடுத்தநாள் காலமை, இவர் குளிக்கப் போன நேரம், விறுவிறெண்டு போனன். செந்தூரன்ரை கராஜ் கதவு பாதி திறந்து கிடந்தது. அவன் சுத்தியல் மாதிரி ஒண்டாலை தோட்டாவைத் தட்டித் தட்டிக் கழட்டினான். சன்னத்தை ஒரு பேணிக்குள்ளையும் வெடிமருந்தை இன்னொண்டுக்குள்ளையும் போட்டான். எல்லாம் இவர் முதல்நாள் அடைச்சது!

"அடப்பாவி! அந்த மனுசன் கண்ணுக்கை எண்ணெய் விட்டுச் செய்ததை உடைக்கிறியே? அவரை என்ன விசரன் எண்டு நினைச்சியோ? இந்தா, பொலிசுக்குக் கோல் பண்ணுறன்!"

அவன் பதறிப்போய்க் கதவைச் சாத்தினான்.

"மெல்லக் கதையுங்கோ அன்ரி. அங்கிளுக்குக் கேட்டிடும்."

"கேக்கட்டும்! ஏன், உனக்குப் பயமோ?"

"ஓம் அன்ரி, பயம்தான். பின்னேரம் அவர் வந்து நிறுக்க வெடிமருந்து வேணும். அதுதான் கழட்டுறன்... இந்தத் துவக்குக்குக் கடைத் தோட்டாவே குறி தப்பாமல் அச்சொட்டாய்ப் போகும்."