தொண்டையில் நின்ற அழுகை

"ஒரு சொட்டுக் கண்ணீராவது வருதா உங்களுக்கு? மனுசன் சாகக் கிடக்கிறார். நீங்கள் கல்லு மாதிரி நிக்கிறீங்கள்."

பக்கத்து வீட்டு ஐறீன் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள். யூஜினா சேலைத் தலைப்பை வாயில் இன்னும் அழுத்திக்கொண்டாள். வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்பது அவளுக்கல்லவா தெரியும். ஸ்ரான்லியின் நெற்றியில் இருந்த ஈரத்துணியை எடுத்து நனைத்து மறுபடி போட்டாள்.

கொட்டாஞ்சேனையில் அந்த மாடி வீட்டில் மூன்று நாளாக இதே நிலைதான். ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டொக்டரும் கையை விரித்துவிட்டார். ஸ்ரான்லிக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆசை. டப்ளினில் நேர்ஸாக இருக்கும் மகள் றஷ்மியை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். தாயில்லாமல் வளர்த்த ஒற்றைப் பிள்ளை. அவளுடைய விமானம் இன்று காலை பத்து மணிக்கு இறங்குகிறது.

ஐறீன் தேத்தண்ணி போட உள்ளே போனதும் ஸ்ரான்லி மெல்லக் கண் திறந்தார்.

"அக்கா, பிள்ளை வாற வரைக்கும் அழுதிடாதேங்கோ."

யூஜினா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்ரான்லிக்கு அவள் அக்கா. அவருடைய தகப்பனுக்கும் அக்கா. தகப்பனின் தகப்பனுக்கும் அக்காதான். எந்தப் பூசைக்குப் போனீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிற அந்தத் தெருச்சனம் வயதை மட்டும் கேட்டதில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஆயிரம் வருடங்களுக்கு முன் அயர்லாந்தில், வடகடல் கொள்ளையரோடு சண்டைக்குப் புறப்பட்ட ஒரு குறுநில மன்னனுக்காக அவள் முதன்முதலாக அழுதாள். பச்சை மேடுகளுக்கு அடியில் வாழும் அவளுடைய ஆட்கள் அவளை அந்தக் குலத்தோடு கட்டிவிட்டிருந்தார்கள். குலத்தில் ஓர் உயிர் போகுமுன் அவள் அழ வேண்டும். அவள் அழுதால்தான் அந்த உயிர் பிரியும். அந்த நாட்டில் இப்படிப்பட்டவளைப் பான்ஷீ என்பார்கள். பிறகு அந்தக் குலத்தில் ஒருவன் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து கொழும்புக்கு வந்தான், கொட்டாஞ்சேனைப் பெண்ணைக் கட்டினான். மூன்று தலைமுறையில் குடும்பப் பெயர் மறந்துபோயிற்று. இரத்தம் மறக்கவில்லை. அவளும் இங்கேயே தங்கித் தமிழ் பேசி, சோறு தின்று, செபமாலை சொல்லிக்கொண்டு இருந்துவிட்டாள்.

இப்போது மிச்சம் ஸ்ரான்லியும் றஷ்மியும்தான்.

அழுகை தானாகத் தொண்டைக்கு வரும். யாருக்கு என்று அது சொல்லாது. வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது சொல்லவும் தேவையில்லை. திங்கட்கிழமை றஷ்மி போன் எடுத்தபோதுதான் அது வந்தது.

"டிக்கெட் போட்டிட்டன் அக்கா. அப்பாவை ஒருக்காப் பாத்திட்டால் எனக்குப் போதும்."

"எத்தனை நாள் லீவு, பிள்ளை?"

"இனித் திரும்பிப் போறதில்லை, அக்கா."

தகப்பனைப் பார்க்க வேலையையும் விட்டுவிட்டு வருகிறாளே என்று யூஜினா நெகிழ்ந்துபோனாள். அந்தக் கணமே அழுகை நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டையில் வந்து நின்றது. ஆயிரம் வருடத்தில் ஒருநாளும் அவள் அதை அடக்கியதில்லை. இந்த முறை சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் நெருப்பாக எரிந்தது. தான் தூக்கி வளர்த்த பிள்ளை தகப்பனை உயிரோடு பார்க்கட்டும் என்று பொறுத்துக்கொண்டாள்.

பகல் பன்னிரண்டரைக்கு றஷ்மியை ஏற்றிவந்த வான் வாசலில் நின்றது.

றஷ்மி படியேறி வர நேரமெடுத்தது. நடுவில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள். கொழும்பு வெயிலில் கம்பளிச் சட்டை, தலையைச் சுற்றி ஒரு துணி; அதன் ஓரத்தில் ஒரு முடிகூட வெளியே தெரியவில்லை.

"என்ன பிள்ளை, இப்பிடி மெலிஞ்சு போனாய்? அங்க சோறு கிடைக்கிறேல்லையா?" என்று ஐறீன் கேட்டாள்.

"குளிர், அன்ரி," என்று சிரித்தாள் றஷ்மி.

யூஜினா அவளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவள் கண் முழுவதும் ஸ்ரான்லியின் நெஞ்சு ஏறி இறங்குவதிலேயே இருந்தது.

றஷ்மி கட்டிலோரம் நிலத்தில் உட்கார்ந்து தகப்பனின் உள்ளங்கையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, நான் வந்திட்டன்."

"இனிப் போகமாட்டியே?"

"இல்லையப்பா. உங்களோடயே இருப்பன்."

ஸ்ரான்லி நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஐறீன் விசும்பினாள். றஷ்மி தலையைத் திருப்பி யூஜினாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் யாரென்று தெரியும்.

"அக்கா, நான் வரும்வரைக்கும் பொறுத்தீங்களே, அது பெரிய காரியம். சரியாய்க் களைச்சுப்போனீங்கள். இனி அழுங்கோ."

நிச்சயமாவா என்று யூஜினா கண்ணாலேயே கேட்டாள்.

"ஓம் அக்கா. இனி எனக்குப் பயமில்லை."

யூஜினா வாயிலிருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள்.

கொட்டாஞ்சேனை அப்படியோர் அழுகையைக் கேட்டதில்லை. கீழே தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்தவன் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். கோயில் கூரையிலிருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ஐறீன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்று நாள் அடக்கியதெல்லாம் தீரும்வரை யூஜினா அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்ரான்லியின் இமைகளை மூடிவிடக் குனிந்தாள்.

ஸ்ரான்லி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"ஆருக்கு அக்கா அழுறீங்கள்? நான் இன்னும் இருக்கிறனே," என்றார். அவர் உள்ளங்கையில் கன்னம் வைத்திருந்த றஷ்மி தலையைத் தூக்கவேயில்லை.