வட்டத்துக்கு வெளியே ஒரு படகு

படகு வட்டத்துக்கு வெளியே இருந்தது.

ஒரு நகத்தின் அகலம்தான். ஆனாலும் வெளியே.

வரைபடப் பிரிவின் தலைவி கவராயத்தைக் கீழே வைத்தாள்.

சுவரில் தொங்கிய பெரிய கடல் வரைபடத்திலோ, அதே படகு வட்டத்துக்கு உள்ளே இருந்தது. மீட்புப் பணி அதிகாரி அந்த வரைபடத்தில் மீட்புத் தளத்தின்மேல் கவராயத்தை ஊன்றி, ஹெலிகாப்டர் போய்த் திரும்பக்கூடிய தூரத்தை ஒரே இழுப்பில் வரைந்திருந்தார்.

அது திசை பார்க்கும் வரைபடம், தூரம் அளப்பதற்கு ஆகாது என்றாள் அவள். வடக்கே போகப் போகக் கடலை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். தளம் இருக்கும் இடத்தின் அளவை வைத்துக்கொண்டு தெற்கே அளந்தால், தூரம் குறைவாகத்தான் தெரியும். அதனால்தான் தளத்தையே நடுவில் வைத்து, அங்கிருந்து எந்தப் பக்கம் அளந்தாலும் தூரம் பிசகாத வேறொரு வரைபடத்தில் வட்டம் போட்டிருந்தாள்.

ஹெலிகாப்டர் படகை எட்டிவிடும். திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து கடலில் விழும்.

படகில் எட்டுப் பேர். உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கப்பலை அனுப்பினால் போய்ச் சேர விடிந்துவிடும்.

எதைக் கேட்டாலும் 'ஆகட்டும்' என்பதால் அதிகாரிக்கு அதுவே பட்டப்பெயராகிப் போயிருந்தது. இன்று அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை. பழைய வட்டமே போதாதா, இத்தனை வருஷம் அதை நம்பித்தானே போய் வந்தோம் என்று சுற்றிச் சுற்றி வந்தார். இவ்வளவு தொலைவு போனதில்லை, அதனால் பிசகு தெரியவில்லை என்றாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு ஹெலிகாப்டர் ஓட்டுறது உங்க பையன் முறை. பெத்தவ வட்டத்தைச் சுருக்கிட்டான்னு நாலு பேர் பேசினா நல்லாவா இருக்கும் மேடம்?"

ரேடியோ அருகில் இருந்த இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எவரும் ஆபத்துக்கு முதுகு காட்டியதில்லை. புயலில் கலங்கரை விளக்கத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவர் மாமனார். அந்தப் பேரைச் சோற்றோடு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டியவளே அவள்தான்.

ஒரு கணம், அழித்துக் கொஞ்சம் அகட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. வீட்டு மானம் தப்பும்.

முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"பேசுறவங்க பேசட்டும். அளவு இதுதான். கப்பலை அனுப்புங்க."

அதிகாரி ரேடியோ அருகில் இருந்தவர்களிடம் திரும்பினார். கப்பலுக்குச் சொல்லும்படி கைகாட்டினார். பிறகு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க பையனை முன்னாடியே அனுப்பிட்டேன்க்கா," என்றார். "அப்புறம்தான் சந்தேகம் வந்து உங்களைக் கூப்பிட்டேன். என் வட்டம் தப்புன்னு ஒத்துக்கத்தான் மனசு வரல. திரும்பி வாடான்னா, பயந்து திரும்பினான்னு எங்க வீட்டுல யாருக்கும் பேர் கிடையாதுங்கிறான். எங்கம்மா அளந்து சொல்லட்டும், திரும்புறேங்கிறான்."

ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். அறை முழுவதும் அவள் வாயையே பார்த்தது.

"அம்மா பேசறேன். அளந்தது நான்தான். திரும்பு."

பொத்தானை விட்டாள். மறுமுனையில் இறக்கைகளின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.