அக்காவின் விளக்கங்கள்

அலுவலகத்தின் டேட்டாபேஸைப் பராமரிப்பது தம்பி. அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று விளக்கம் எழுதிவைப்பது அக்கா. அக்கா இறந்து ஆறு மாதம் ஆகியும், அவன் காலியாக விட்ட விளக்கங்கள் எப்படியோ நிரம்பிக்கொண்டே இருந்தன. சோம்பேறிக்கு வேறென்ன வேண்டும்? யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை.

“உங்க அக்கா லாகினை எடுத்துடுப்பா,” என்றார் மேலாளர்.

“நாளைக்கு எடுத்துடறேன் சார்.”

“உன்னோட நாளைக்கு ஆறு மாசமா வரவே இல்லையேப்பா!”

எடுத்துவிட்டான். எடுத்த கை சும்மா இருக்கவில்லை. இனி அவள் எழுதமாட்டாளோ என்ற பயத்தில், எதற்கும் உதவாத புதுக் கட்டம் ஒன்றைச் சேர்த்து, விளக்கத்தைக் காலியாக விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது விளக்கம் நிரம்பியிருந்தது:

“தம்பி பயந்துபோய்ச் சேர்த்தது. பயன் ஒன்றுமில்லை. நீக்க வேண்டாம்.”