நாலாவது மருந்து

"பாப்பாவோட ஓசிடி நோய்க்கு மூணாவது மருந்தும் கேக்கலையா?" என்றார் டாக்டர்.

இல்லையென்று அம்மா தலையசைத்தாள். "கை கழுவுறது குறையவே இல்ல டாக்டர். தோலெல்லாம் வெடிச்சு ரத்தம் வருது. ஒன்பது வயசுப் பிள்ளை. பெத்த வயிறு பத்தி எரியுது."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாளா?"

"ஒரு வேளை தவறினதில்ல. என் கையாலதான் எடுத்துக் குடுக்கிறேன். வாங்கிட்டுப் போய் அவளே போட்டுக்குவா. அந்த ஒண்ணுலதான் அடம் கிடையாது."

டாக்டர் புதுச் சீட்டு எழுதினார். "பழசைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, இன்னிக்கே புதுசு ஆரம்பிப்போம். இதுக்கும் கேக்கலைன்னா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்மா."

அன்று மாலை, புது மாத்திரையைக் கொடுத்துவிட்டு அம்மா அடுப்படிக்குத் திரும்பவில்லை. மனசு கேட்காமல் மகளின் பின்னாலேயே போனாள்.

குழாயடியில் மகள் மாத்திரைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏழு முறை தேய்த்து, ஏழு முறை அலசினாள். உள்ளங்கையில் கடுகளவு மிஞ்சியதை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

"தினமும் இப்படித்தானா கண்ணு?"

"ஆமா."

"மாத்திரையை யாராவது கழுவுவாங்களா?"

மகள் தலை குனிந்துகொண்டாள்.

"நீ தொட்டுட்டியேம்மா."